பாட்டில் ஐயாவின் பணிவு

"உங்களைப் பராமரிக்கக் கடமைப்பட்ட உறவினர் எவரேனும் உண்டா?"

விதவைகள் இல்லத்தில் சேருவதற்கான படிவத்தில் அது ஏழாவது கேள்வி. டைப்ரைட்டரில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு நான் வாசித்தேன். எதிரே மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்மணி கொஞ்சம் யோசித்தார். அவர் புடவையின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரை ஈரமாக இருந்தது. அறை முழுக்க இறால் வாடை.

"கூடப் பொறந்தவரு ஒருத்தர் கீறாரு."

"என்ன பண்றாரு?"

"தர்மம் பண்றாரு."

கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. தச்சு வேலை, கொத்து வேலை என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

"அவரு உங்களைப் பாத்துக்க மாட்டாரா?"

"அவருக்கு ஏது கண்ணு நேரம்? ஊருக்கெல்லாம் பண்ணிகினு கீறாரு. எல்லாருக்கும் குடுக்கறாங்களாமே, நம்மளும் போயி லைன்ல நிப்போம்னு வந்தேன்."

"அவர் பேரு?"

"பேரு வேணாம். அவருக்குக் கூச்சம்."

நான் மேலே இருந்த மூன்று வரிகளை மறுபடி பார்த்தேன். பெயர், ரெபேக்காள். தகப்பனார், காலஞ்சென்ற உபதேசியார் வேதமுத்து. பிறந்த ஊர், செம்மணல்விளை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தின மாதம்தான் இதே ஊரையும் இதே தகப்பனார் பெயரையும் வேறொரு தாளில் நான் டைப் அடித்திருந்தேன். அது ஐயாவின் வாழ்க்கை வரலாறு.

தட்டின் அடியில் ஒரு பெயர்

ஐயா என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். தேவாசீர்வாதம் ஐயா. ராயபுரத்தில் அவருக்குப் பாட்டில் கிடங்கு. கப்பலிலிருந்து இறங்கும் காலி பாட்டில், ஆஸ்பத்திரி பாட்டில், சாஸ் பாட்டில் எல்லாம் அங்கே வரும், கழுவப்படும், மறுபடி போகும். அதில் பெரிய மனிதராகி, புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபையின் மூப்பராகி, 'தேவாசீர்வாதம் கிருபை அறநிலையம்' என்று ஒன்றை நிறுவினார். திருவொற்றியூரில் விதவைகள் இல்லம், பக்கத்தில் தையல் பள்ளி, ஒரு மருந்தகம். நல்ல காரியங்கள்தான். அந்த மருந்தகத்தில் ஊசி போட்டுப் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் உண்டு. அதை மறைத்துவிட்டு நான் எழுதக் கூடாது.

ஆனால் ஐயாவின் பணிவைப் பற்றியும் எழுதாமல் இருக்கக் கூடாது. 'கர்த்தருடைய எளிய ஊழியன் தேவாசீர்வாதம் உபயம்' என்ற வாசகம் பெஞ்சில் இருந்தது, கடிகாரத்தில் இருந்தது, தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. 'எளிய' என்ற சொல் மட்டும் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். விதவைகள் இல்லத்துச் சாப்பாட்டுத் தட்டின் நடுவிலும் பெயர் பொறித்திருந்தார்கள். சோற்றைத் தின்று முடித்தால் ஐயா தெரிவார்.

ராயபுரத்தில் அவருக்குப் 'பாட்டில் ஐயா' என்று பெயர். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சாயங்காலமானால் கொஞ்சம் தாகசாந்தி உண்டு. "அந்தாளு கிடங்குல கீற பாட்டில்ல பாதிய நான்தான் காலி பண்ணிக் குடுத்தேன். ஒரு பெஞ்சுல என் பேரையும் போடச் சொல்லு" என்பார்.

அப்பா சொன்னதில் விஷயம் இருந்தது. ஐயா தீவிர மதுவிலக்குக்காரர். சனிக்கிழமைதோறும் கிடங்குக்கு எதிரே இருந்த மைதானத்தில் கூட்டம் போட்டு, குடிக்க மாட்டேன் என்று தொழிலாளிகளிடம் உறுதிமொழி வாங்குவார். சாராயக் கடைகளைத் திறந்துவிட்ட புதிதில் கூட்டமும் பெருகியது, பாட்டில் வியாபாரமும் பெருகியது. ஒருமுறை எல்லோரும் வலது கையைத் தூக்கி நிற்கும்போது கிடங்கிலிருந்து பாட்டில் லாரி வெளியே வந்தது. வழி விடுவதற்காகக் கையைத் தூக்கியபடியே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஐயா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். லாரி போன பிறகுதான் ஆமென் சொன்னார்.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததையும் சொல்ல வேண்டும். தமிழ் டைப்பும் சுருக்கெழுத்தும் தெரிந்த பெண் அவருடைய சபையில் கிடைக்கவில்லை. என் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "பிலோமினா. ஆர்.சி.யா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"மாதாவைக் கும்பிடுவியா?"

"கும்பிடுவேன் ஐயா."

"ஆபீஸ் நேரத்துல வேண்டாம்."

அவ்வளவுதான் நேர்காணல்.

உள்ளறைத் திருத்தங்கள்

ஐயாவின் புத்தகத்தைப் பற்றி நான் இந்தப் பத்திரிகையில் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'அவ்வளவு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து எழுத உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது' என்று கடிதம் போட்டிருக்கிறார். அம்மணி, எழுதியது நான் இல்லை. அவர் சொன்னார், நான் கிறுக்கினேன். 'ஓர் எளியவனின் ஓட்டம்' என்று புத்தகத்துக்குப் பெயர். எளியவனுக்கு நாற்பது அத்தியாயம் தேவைப்பட்டது.

காலை பத்து மணிக்கு அவர் பங்களா கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்காருவார். நான் நோட்டை விரிப்பேன். உள்ளறையில் அவர் மனைவி எஸ்தர் அம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். கதவு திறந்தே இருக்கும்.

"'உபதேசியார் வேதமுத்துவின் ஒரே மகனாகச் செம்மணல்விளையில் பிறந்தேன். தாய் தகப்பனை இழந்து, கையில் ஒன்றுமில்லாமல் ராயபுரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். பழைய பாட்டில்களை வாங்கி, என் கைகளாலேயே கழுவி விற்றேன்.'"

உள்ளேயிருந்து குரல் வரும். "யாரு கையால?"

ஐயா இருமுவார்.

"'தனியாளாக உழைத்தேன்.'"

"தனியாளாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எஸ்தர், அரிசியைப் பாரு."

"அரிசியைத்தான் பாக்கேன். கல்லாக் கிடக்கு."

அப்போது எனக்கு அது புருஷன் பெண்டாட்டி விளையாட்டாகத்தான் தெரிந்தது. ரெபேக்காள் அம்மாள் என் எதிரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்த அன்றுதான், ஒரே மகன் என்பதில் பொய் ஏதும் இல்லை என்று புரிந்தது. மகள் இருந்தாளா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அன்று ரெபேக்காள் அம்மாளிடமே மெல்ல விசாரித்தேன். மறைக்காமல் சொன்னார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ரயிலேறி வந்தார்கள். தம்பிடி பெறாத பாட்டில்களை வாங்கி வருவது ஐயாவின் வேலை. மணலும் சாம்பலும் போட்டுக் கழுவியது இவர். உடைந்த பாட்டில் அறுத்த தழும்புகளைக் காட்டினார். பிறகு எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மீன்பிடிக்காரரை இவருக்குப் பிடித்துப் போயிற்று. அவர் கத்தோலிக்கர். சபை மூப்பர் ஆகப் போகிறவரின் வீட்டில் ஜெபமாலையா என்று ஐயா கதவைச் சாத்திவிட்டார்.

"அப்பால பாக்கவே இல்லையா?"

"ரெண்டு தபா பாத்தேன். கார்ல போய்கினு இருந்தாரு."

புருஷன் போய்விட்டார். போன மழையில் முகத்துவாரம் கரையை அரித்து வீட்டையும் எடுத்துக்கொண்டது. இப்போது அடுத்த வீட்டுச் சார்ப்பில் படுக்கை.

விசாரணை

அறநிலையத்தின் விதிகளை ஐயாவே எழுதியிருந்தார். ஏழாவது விதி இது: வசதியுள்ள உறவினர் இருப்பின் விண்ணப்பம் ஏற்கப்படாது.

படிவத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். பெயரைப் படித்தார். ஊரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்: 'உறவினரின் வசதி குறித்து விசாரிக்கவும்.'

தன்னிடம் வசதி இருக்கிறதா என்று விசாரிக்கத் தானே உத்தரவு போட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விசாரிக்கப் போனவர் செயலாளர் எட்வின். ஒன்றும் அறியாத நல்ல மனிதர். சைக்கிளில் முகத்துவாரக்குப்பம் வரை போய்விட்டு வந்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, என்னிடம் அறிக்கையை டைப் அடிக்கக் கொடுத்தார். அவர் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'விண்ணப்பதாரரின் சகோதரர் ராயபுரத்தில் மிகுந்த வசதியுடன் வாழ்வதாகக் குப்பத்தார் கூறுகின்றனர். அவர் பெயரையும் கூறுகின்றனர். கூறிவிட்டுச் சிரிக்கின்றனர். அப்பெயரை இங்கே எழுத அடியேனுக்குத் துணிவில்லை.'

"சார், இதையே அடிச்சிடவா?"

"அடிச்சிடும்மா. ஆனா என் கையெழுத்து போடற இடத்தைக் கொஞ்சம் கீழ தள்ளி வை."

அறிக்கையைப் படித்த ஐயா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பங்களாவுக்குப் போனபோது கார் வாசலில் நின்றது. "ஏறு. போகிற வழியில் அத்தியாயம் சொல்கிறேன்" என்றார். எண்ணூர் வரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

குப்பத்தில்

குப்பத்துக்கு முன்பே கார் மணலில் புதைந்தது. ஐயா பூட்ஸோடு நடந்தார். சாம்பலும் மணலுமாக இருந்த பாதையில் அவருக்கு மூச்சு வாங்கியது. கழிமுகத்தின் ஓரத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறாலைப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரெபேக்காள் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"குந்து. இந்தக் கூடைய முடிச்சிட்டு வரேன்."

கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் கைக்குட்டையை விரித்து ஐயா உட்கார்ந்தார். பிஷப்புகளையே காக்க வைத்தவர், ஒரு கூடை இறாலுக்காகக் காத்திருந்தார். மற்றப் பெண்கள் அவரைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார்கள். யாரோ "ரெபேக்கா வூட்டு ஆளா?" என்று கேட்டார்கள். "அப்டித்தான் சொல்லிகிறாங்க" என்றார் இவர்.

கூடை முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றார். நான் பத்தடி தள்ளி நோட்டோடு நின்றேன்.

ஐயா பூட்ஸிலிருந்த மணலைத் தட்டினார். பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. மொட்டையாக, "வீட்டுக்கு வந்துடலாமே" என்றார்.

"எந்த வூட்டுக்கு? நீ கட்டி வுட்ட வூட்டுக்கா, நீ குந்திகினு கீற வூட்டுக்கா?"

குப்பத்தில் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள் என்பதால் அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. கேள்விதான் நெஞ்சில் தைத்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயா கடலைப் பார்த்தார்.

"இல்லத்துல தெற்குப் பார்த்த அறை ஒன்னு காலியா இருக்கு. நல்லாக் காத்து வரும். தனிக் கட்டில் போடச் சொல்றேன். விதியை நான் பாத்துக்கறேன்."

"காத்தா?" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். உப்புக் காற்றில் அவர் புடவை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லாமல் சிரித்தார். "போ நைனா. அந்தக் கட்டில வேற யாருக்காச்சும் குடு."

கிளம்பும்போது பழைய பேப்பரில் இரண்டு கை இறாலை அள்ளிச் சுருட்டி அவர் கையில் திணித்தார். "எஸ்தர் கைல குடு. நீ துன்னாத. உனுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிப் பூடும்."

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. மடியில் ஈரப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஐயா தொண்டையைச் செருமினார்.

"எழுதிக்கோ. 'அன்றொரு நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓர் ஏழை விதவையைச் சந்தித்தேன். தன் வறுமையிலும் அவள் எனக்குக் கை நிறைய இறால் தந்தாள்.' எழுதினியா?"

"எழுதிட்டேன் ஐயா. பேரு என்னன்னு போடட்டும்?"

கடைசி வேகனும் போய்விட்டது.

"பேர் எதுக்கு? ஏழைகளுக்குப் பேர் போட்டால் அவர்கள் மனம் சங்கடப்படும்."

சோற்றுத் தட்டில் தன் பெயரைப் போட்டவர் சொன்னது இது.

அச்சில் ஏறியது

நான் செய்ததைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எரிச்சல். வேலை போனால் வீட்டில் உலை வைப்பது கஷ்டம் என்பதும் தெரியும். இருந்தாலும் அந்த வரியை டைப் அடிக்கும்போது விரல் தன்பாட்டுக்குப் போயிற்று. 'ஓர் ஏழை விதவையைச் சந்தித்தேன். அவள் வேறு யாருமல்ல, என் உடன்பிறந்த தங்கை ரெபேக்காள். ராயபுரத்தில் என் முதல் பாட்டில்களைக் கழுவியவை அவளுடைய கைகளே.'

ஐயா அச்சுப் படிகளில் தன் படம் வரும் பக்கங்களை மட்டும்தான் பார்ப்பார். எட்வின் ஒற்றெழுத்துகளை மட்டும்தான் பார்ப்பார். புத்தகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் பள்ளி மண்டபத்தில் வெளியீட்டு விழா. போதகர் புத்தகத்தை உண்மையிலேயே படித்திருந்தார். அந்த ஆபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மேடையில் அந்தப் பக்கத்தை விரித்து, குரல் நடுங்க வாசித்தார். பின் வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"சகோதர சகோதரிகளே, எவ்வளவு பெரிய மனிதர். தன் தங்கை குப்பத்தில் இருக்கிறாள் என்று மறைத்திருக்கலாம். மறைக்கவில்லையே. இதுவல்லவா பணிவு" என்றார் போதகர். "அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரியை நாம் எல்லோரும் ஆலயத்தில் காண வேண்டும்."

கைதட்டல். ஐயாவின் முகத்தில் போட்டோவுக்காக வைத்திருந்த சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் இருந்த எஸ்தர் அம்மாள் திரும்பி, தலைகளுக்கு நடுவே என்னைத் தேடிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஐயாவின் மடியில் புத்தகம் அந்தப் பக்கத்தில் விரிந்திருந்தது. எஸ்தர் அம்மாள் வழக்கம்போல் உள்ளறையில்.

"இது நான் சொன்னதா?"

"இல்லீங்க ஐயா."

"உன் நோட்டில் இருக்கிறதா?"

"இல்ல ஐயா."

"தங்கைன்னு யார் சொன்னா?"

இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. "நானா நெனச்சேன் ஐயா. அவங்க வயசு சொல்லலை. பாத்தா அம்பதுக்கு மேல தெரியலை."

அவர் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். எப்போதும் பேசும் வேதாகமத் தமிழ் அவர் வாயிலிருந்து எங்கேயோ போய்விட்டது.

"தங்கச்சி இல்லட்டி. எங்க யக்கா அவ. ஆறு வயசு மூத்தவ. எங்கம்மா செத்ததுக்கப்புறம் இடுப்புல தூக்கிச் சொமந்தவ." அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஐயாவாக ஆகி, "என் புத்தகம் பிழையோடு வெளியே போகக் கூடாது. திருத்தம் அச்சடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டு" என்றார்.

அப்போதும் அவருக்குப் புத்தகம்தான் கவலையாக இருந்ததா, அல்லது அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையா, எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியாது.

உள்ளறையில் எஸ்தர் அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "டிரைவர வண்டிய எடுக்கச் சொல்லு பிலோமினா. எண்ணூருக்குப் போவணும்." ஐயா மறுப்புச் சொல்லவில்லை. சபைக்கே தெரிந்த பிறகு மறுப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

ரெபேக்காள் அம்மாள் எப்படி வரச் சம்மதித்தார், எஸ்தர் அம்மாள் என்ன சொல்லி அழைத்தார் என்பது எனக்குத் தெரியாது. வந்தார், அந்த வீட்டிலேயே இருந்தார். அடுத்த ஞாயிறு போதகருக்காக ஒரே ஒருமுறை ஐயாவின் ஆலயத்துக்குப் போனார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஐயாவின் கார் முதலில் அவரை எங்கள் மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டுத்தான் ஐயாவின் ஆலயத்துக்குப் போகும். என் வேலையும் போகவில்லை. அவருடைய விண்ணப்பத்தை மட்டும் எட்வின் முறைப்படி கோப்பில் போட்டு முடித்தார்: 'வசதியுள்ள உறவினர் கிடைத்துவிட்டபடியால் நிராகரிக்கப்பட்டது.'

அந்த வாரக் கடைசியில் அச்சகத்திலிருந்து திருத்தச் சீட்டுகள் வந்தன. பங்களாவின் சாப்பாட்டு மேஜையில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு மைதா பசையோடு நான் உட்கார்ந்தேன். ரெபேக்காள் அம்மாள் கழுத்தில் ஜெபமாலையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை. ஒரு சீட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இதுல இன்னா எழுதிகீது?"

"'தங்கை என்பதை அக்கா என்று திருத்தி வாசிக்கவும்.'"

"யாரு சொன்னாங்க?"

"ஐயாதாம்மா. அவரேதான் சொன்னாரு."

சீட்டை நேராகத் திருப்பி, பசையைத் தடவி, நான் காட்டிய பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். கையை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"கோணலாப் பூட்ச்சி. படிக்க வருமா?"

"வரும்மா."

அடுத்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.